மருந்து படாத ஒரு வயல்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் என்னென்ன செய்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வன்னிக்குள் ஒரு ஆணி வருவதே பெரிய காரியமாக இருந்த காலத்தில், வயலுக்கு மருந்து தெளிக்கிற, உடைந்துபோன மூன்று மெசின்களைக் கழற்றி ஒரு மெசினாகப் பூட்டி ஓடவிட்டேன். வாசர் தேய்ந்தபோது பழைய செருப்பு றப்பரை வெட்டிப் போட்டேன். தோள்வார் அறுந்தபோது சைக்கிள் ரியூப்பைப் பின்னிக் கட்டினேன். அந்த ஒன்று எட்டானது. எட்டு மெசின், அதைச் சுமக்க எட்டுப் பேர். முள்ளியவளையில் இருந்து புதுக்குடியிருப்பு வரைக்கும் வயல் செய்கிற எந்தக் கமக்காரரைக் கேட்டாலும் "மெசின் தவராசா"வைத் தெரியும். சந்தைக்குப் பக்கத்தில் சீமெந்துச் சுவர் வைத்த கடை போட்டேன். மூன்று தரம் இடம்பெயர்ந்து, மூன்று தரமும் வெறுங்கையோடு திரும்பி வந்து, மூன்று தரமும் தொடங்கினேன். ஒருவரும் எனக்கு எதையும் தூக்கித் தரவில்லை.

பயிர் பார்க்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இதை எழுதுகிறேன். எத்தனை மூடி கலப்பது, காற்று எந்தப் பக்கம் அடிக்கும்போது நடப்பது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவது வேறு. தோளில் மெசின் நிறைந்து இருக்க, வரம்பில் இருபது பேர் நின்று "அடியுங்கோ, அடியுங்கோ" என்று கத்தும்போது அடிக்காமல் நிற்பது எப்படி என்பது. அதை நான் செய்தேன். அதற்கு முன்னர் அடிக்கக்கூடாத நேரத்தில் அடித்தேன். இரண்டையும் சொல்கிறேன்.

2002 இல் போர்நிறுத்தம் வந்து, வன்னிக்குள் வருகிற பாதை திறந்தது. அதற்கு முன் பல வருடமாக எங்களுக்கு யூரியாவும் இல்லை, மருந்தும் இல்லை. கிடைத்தது கொஞ்சம், அதையும் துளித்துளியாகப் பாவித்தோம். பாதை திறந்ததும் ஓமந்தைப் பக்கத்தால் லொறி லொறியாக வந்து இறங்கியது. சனம் சந்தோசப்பட்டது என்று நினைப்பீர்கள். இல்லை, பயந்தது. ஒவ்வொரு கிழமையும் சந்தையில் ஒரு கதை வரும். பேச்சுவார்த்தை முறியப்போகுதாம், பாதை பூட்டப்போகினமாம். பூட்டினால் இந்த மருந்தும் போய்விடும். அதனால் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். யூரியா இரண்டு பங்கு போட்டார்கள். பூச்சி வருமுன்னமே மருந்து அடிக்கச் சொன்னார்கள். இல்லாமையிலேயே வாழ்ந்து பழகிய ஆட்கள் செய்கிற பிழை அது. வேறு ஊரில் இதை இப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

அந்த மழைக்காலப் போகத்தில், எங்கள் காலபோகத்தில், விதைத்து இருபது நாள் இருக்கும், இலைசுருட்டிப் புழு வந்தது. இலை மடிந்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. பார்க்கப் பயமாக இருக்கும். உண்மையில் அந்த வயதில் பயிர் அதைத் தாங்கிக்கொண்டு புது இலை விட்டுவிடும். எனக்கு அப்போது அது தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனோ என்று சொல்ல முடியாது, ஏனென்றால் வரம்பில் செல்வமணி அக்கா நின்றா.

செல்வமணி அக்காவுக்கு இரண்டு ஏக்கர். புருசன் ஷெல்லடியில் போனவர். நாலு பிள்ளைகள். அந்த இரண்டு ஏக்கரில் விளைவதுதான் அடுத்த அறுவடை வரைக்கும் ஐந்து வாய்க்குச் சோறு.

"தம்பி, இலையெல்லாம் வெளுத்துக் கிடக்கு. பாதை பூட்டினாப் பிறகு நான் மருந்துக்கு எங்கை போவன்? இப்பவே அடிச்சு விடும்."

"அக்கா, நான் இருக்கேக்கை பூச்சிக்கு எங்கை துணிவு வரும்?" என்றேன். அப்படித்தான் நான் கதைப்பேன்.

மூன்று நாளில் எட்டு மெசினும் அந்த வயல்வெளி முழுவதையும் அடித்து முடித்தது. ஒரே ஒரு வயலைத் தவிர.

அது சலீம் நானாவின் வயல். தொண்ணூறில் ஊரைவிட்டுப் போக வைக்கப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர் அவர். அண்ணனை அவர்கள் நானா என்பார்கள். புத்தளத்தில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, ஒரு பையோடு தனியாக வந்து, பற்றையாகிப்போன தன் காணியை உழுதார். அத்தனை வருடப் புல்லும் செடியும் சேற்றுக்குள் அமிழ்ந்து அழுகின. விதைத்ததும் மற்றவர்களைவிடப் பிந்தித்தான். அவர் என்னிடம் வந்து கேட்டார்.

"தம்பி, எனக்கு எப்ப அடிப்பீங்க?"

"நானா, உங்கடை கடைசி. பாப்பம்."

பார்க்கவில்லை. "நிக்கிறாரோ போறாரோ தெரியாத ஆளுக்கு ஏன் அவசரம்?" என்று கமக்காரர் சங்கத் தலைவர் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். மருந்து முடிந்தது. நானாவின் வயலுக்கு ஒரு துளியும் போகவில்லை.

தை மாதம் பிறந்தபோது பயிர் கரும்பச்சையாக, அடர்த்தியாக, யானை மறைகிற மாதிரி நின்றது. எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். ஒரு காலைப்பொழுது செல்வமணி அக்காவின் வயலின் ஒரு மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மஞ்சள் வட்டம் தெரிந்தது. அடுத்த நாள் அந்த வட்டத்தின் நடு, நெருப்பு வைத்த மாதிரிக் கருகியது. அதற்கடுத்த நாள் அது ஒரு வீட்டு முற்றம் அளவு. அக்கம் பக்கத்து வயல்களில் சிறு சிறு வட்டங்கள் தொடங்கின.

அறக்கொட்டியான். கடதாசியில் கபிலநிறத் தத்தி என்று எழுதுவார்கள். அரிசிக் குருணையை விடப் பெரிது இல்லை. இலையில் இருக்காது, தண்ணீருக்குச் சற்று மேலே தண்டைப் பிடித்துக்கொண்டு சாற்றை உறிஞ்சும். மேலே நின்று பார்க்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. நான் மேலே நின்று பார்த்தவன்.

அடுத்த நாளே எட்டு மெசினையும் இறக்கினேன். மருந்து கலந்தாயிற்று. என் மெசினை சேற்றில் வைக்க எனக்குப் பிடிக்காது, அடியில் எப்போதும் ஒரு பிடி வைக்கோல் போட்டுத்தான் வைப்பேன். அன்று விடியவே வந்து, சலீம் நானாவின் வரம்பில் வைக்கோலைப் போட்டு அதன்மேல் மெசினை வைத்துவிட்டு ஆட்களுக்காகக் காத்திருந்தேன். அந்த வயலில் இருந்தே தொடங்குவது என்று தலைவர் சொல்லியிருந்தார். காரணமும் சொன்னார்.

"மருந்தடிக்காத வயல் அது ஒண்டுதான். அங்கையிருந்துதான் பரவுது. வேரோடை அழிக்க வேணும்."

சனம் சேர்ந்துவிட்டது. சலீம் நானா தன் வயலுக்குள் கால் வைக்காமல் வெளியே நின்றார். அப்போதுதான் விவசாயப் போதனாசிரியை சைக்கிளில் வந்தா. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வேலைக்கு வந்து முதல் போகம். பெயரை எழுத வேண்டாம் என்று அப்போதே எனக்குச் சொன்னவ, அதனால் எழுதவில்லை. என் வாழ்க்கையில் எனக்குப் பாடம் சொல்லித் தந்தது ஒரே ஒரு ஆள் என்றால் அது என் மகளின் வயதை ஒத்த அந்தப் பிள்ளைதான். இதை ஒத்துக்கொள்ள எனக்குப் பல வருடம் எடுத்தது.

அவா சைக்கிளைப் போட்டுவிட்டு, சட்டை நனைவதையும் பார்க்காமல் செல்வமணி அக்காவின் வயலுக்குள் முழங்காலில் இருந்தா. ஒரு பயிரைப் பிடித்துக் கையால் தட்டினா. தண்ணீரில் தவிடு கொட்டியது போல அறக்கொட்டியான் விழுந்தது.

"அண்ணை, இதிலை வேறை என்ன ஓடுது எண்டு பாருங்கோ."

பார்த்தேன். வேறு ஒன்றும் இல்லை. தவிடு மட்டும்.

"இனி அங்கை வாங்கோ."

நானாவின் வயலில் தட்டினா. அங்கேயும் அறக்கொட்டியான் விழுந்தது, ஆனால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். விழுந்த மறுகணம் தண்டுகளுக்கு இடையில் இருந்து சிலந்திகள் தண்ணீருக்கு மேலால் ஓடிவந்தன. ஒன்று என் கண்முன்னே ஒரு அறக்கொட்டியானைத் தூக்கிக்கொண்டு போனது. வலை கட்டுகிற சிலந்தி இல்லை, ஓடிப் பிடிக்கிற சிலந்தி.

"முந்தி நீங்கள் அடிச்ச மருந்து அறக்கொட்டியானையும் சாக்காட்டினது, சிலந்தியையும் சாக்காட்டினது," என்றா அவா. "ஆனா முட்டை தண்டுக்குள்ளை இருக்கு. அது சாகேல்லை. முட்டை பொரிச்சு வெளியிலை வரேக்கை அதைத் தின்ன ஒருத்தரும் இல்லை."

"அப்ப சிலந்தியும் திரும்பி வருந்தானே?"

"வரும். பிந்தி வரும். அண்ணை, வெயில் இலைக்குள்ளை இறங்குது. இலை சாறாக்குது. அறக்கொட்டியான் சாறைக் குடிக்குது. சிலந்தி அறக்கொட்டியானைத் தின்னுது. ஒவ்வொரு கைமாறலிலையும் அரைவாசிக்கு மேலை சிந்திப் போகும். உங்கடை மெசின் ஒழுகுறமாதிரி."

"என்ரை மெசின் ஒழுகாது!"

வரம்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் காலையில் அந்த ஒரு சிரிப்புத்தான்.

"சரி, வேறை ஆரோ ஒராளின்ரை மெசின் ஒழுகுறமாதிரி," என்றா. "கடைசியிலை சிலந்திக்கு வந்து சேருறது கொஞ்சம். அதாலை சிலந்தி எப்பவும் கொஞ்சம்தான் இருக்கும், ஆறுதலாத்தான் பெருகும். நிறைய இருக்கிறதை அடிச்சா அது திரும்பி வரும். கொஞ்சமா இருக்கிறதை அடிச்சா அது முடிஞ்சுது."

நானாவின் வயலில் மட்டும் ஏன் அத்தனை சிலந்தி என்று கேட்டேன். சேற்றுக்குள் அழுகிய பன்னிரண்டு வருடப் பற்றையைக் காட்டினா. அந்த அழுகலைத் தின்று கொசு மாதிரிச் சின்னப் பூச்சிகள் பெருகின. அறக்கொட்டியான் வருமுன்னமே சிலந்திகள் அதைத் தின்று அங்கே குடியிருந்தன. மற்ற வயல்களில் அந்தக் குடியை நான்தான் இருபதாம் நாளே அழித்திருந்தேன்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் தலைவர் விடவில்லை. "பிள்ளை படிச்சதைச் சொல்லுது. எங்களுக்கு வயல் எரியுது. தவராசா, மெசினைத் தூக்கும். இந்த வயலிலையிருந்து தொடங்கும். மருந்தடியாமல் விட்டவர் அவர், அனுபவிக்கட்டும்."

சலீம் நானா என்னைத்தான் பார்த்தார். "அடிக்கிறதெண்டா அடியுங்க தம்பி. நான் வந்து கொஞ்ச நாள். எனக்குச் சண்டை வேணாம்."

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் என்னிடம் கேட்கப்பட்டது பூச்சியைப் பற்றிய கேள்வி இல்லை. எட்டு மெசினும் நிறைந்து இருக்கிறது. அடித்தால் அன்று பின்னேரமே அறக்கொட்டியான் செத்து மிதக்கும், எல்லாரும் என்னைத் தூக்கிக் கொண்டாடுவார்கள், அடுத்த கிழமை வரப்போகிறதற்கு என் பெயர் வராது. அடிக்காவிட்டால் ஒவ்வொரு நாளும் வட்டம் பெருக்கிறதை எல்லாரும் பார்ப்பார்கள், அதற்கு என் பெயர் வரும். மெசினின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவர் விடேல்லை," என்றேன். "நான்தான் விட்டனான். கேட்டவர். நான் அடிக்கேல்லை."

செல்வமணி அக்கா முன்னால் வந்தா.

"நீர் ஆரை விட்டீர் எண்டது எனக்கு வேண்டாம். என்ரை வயலை என்ன செய்யப் போறீர்? பிள்ளையளுக்கு நான் மண்ணையோ அவிச்சுக் குடுக்கிறது?"

"பத்து நாள் தாங்கோ அக்கா. எரிஞ்சா என்ரை ஒரு ஏக்கர் நெல்லும் உங்களுக்கு."

எதை நம்பிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. சொல்லிவிட்டு, இனி அங்கே நிற்கக்கூடாது என்று மெசினைத் தூக்கினேன். அடியில் இருந்த வைக்கோலையும் அள்ளினேன். அதற்குக் கீழே சிலந்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒதுங்கி இருந்தன. விடியவே போட்ட வைக்கோல். வெயில் ஏற ஏற, நிழலும் ஈரமும் தேடி வரம்போரம் திரிந்ததெல்லாம் அதற்குள் வந்து புகுந்திருக்கின்றன. அள்ளிய வைக்கோலுக்குள்ளும் நிறைய. கையில் ஏறி ஓடின.

"தங்கச்சி," என்று கூப்பிட்டேன். "இதை இப்பிடியே தூக்கிக்கொண்டுபோய் அக்கான்ரை வயலுக்குள்ளை வைச்சா?"

அவா வைக்கோலைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "தெரியாதண்ணை. நான் இதைப் படிக்கேல்லை."

"அப்ப நான்தான் முதலாள்," என்றேன்.

மருந்து அடிக்க வேண்டாம் என்று அவா தன் பொறுப்பில் ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தா. அவா சொன்னதும் நடந்தது. வாய்க்காலை அடைத்துத் தண்ணீரை வடித்தோம். அறக்கொட்டியானுக்கு அடியில் ஈரம் வேண்டும். அடர்ந்த பயிரை வரிவரியாக விலக்கி வெயில் உள்ளே விழ விட்டோம். யூரியாவைத் தொடவே இல்லை. ஆனால் வைக்கோல் வேலை என் வேலை. பின்னேரத்தில் கைப்பிடி கைப்பிடியாகக் கட்டி நானாவின் வயலுக்குள் தண்டுகளோடு சாய்த்து வைப்பேன். விடிந்து வெயில் ஏறி, சிலந்திகள் உள்ளே ஒதுங்கிய பிறகு அவற்றைச் சாக்கில் மூடித் தூக்கி, செல்வமணி அக்காவின் வயலில் வட்டத்தின் விளிம்பைச் சுற்றி வைப்பேன். நடு எரிந்துவிட்டது, விளிம்புதான் உயிரோடு இருக்கிறது. வரம்பெல்லாம் சனம் நின்று பகிடி பண்ணியது. மெசின் தவராசா வைக்கோல் தவராசா ஆகிட்டார், மாடுதான் இல்லை என்று. எட்டு மெசினில் ஏழு பேர் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் வட்டம் பெருத்தது. நாலாம் நாள் இன்னும் பெருத்தது. நான் சாப்பிடவில்லை. அக்கா காலையில் வருவா, எரிந்த விளிம்பில் ஒரு தடி நடுவா, போய்விடுவா. அடுத்த நாள் விளிம்பு தடியைத் தாண்டியிருக்கும். வேறு தடி. தலைவர் பக்கத்து ஊரில் இருந்து மெசின் கொண்டுவந்து தன் வயலுக்கு அடித்தார். அறக்கொட்டியான் பாயாக மிதந்தது. "வந்து பாரும் தவராசா!" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. அன்று மத்தியானம் கடைக்குப் போய் மருந்துப் போத்தலைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்தேன். திரும்ப எடுத்தேன். அந்தப் பிள்ளை தன் வேலை போகும் என்று தெரிந்தும் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறது, நான் போத்தலை எடுக்கிறேன் என்று நினைத்தபோது வெட்கம் வந்தது. வைத்துவிட்டு வந்தேன்.

ஆறாம் நாள் விடிய விளிம்பில் தட்டினேன். தவிடு விழுந்தது. அதற்குப் பின்னால் ஒன்று ஓடியது. பிறகு இன்னொன்று. முதுகில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு ஒரு பெரிய பெட்டைச் சிலந்தி. நான் அந்தச் சேற்றிலேயே இருந்துவிட்டேன். சலீம் நானா தன் வயலில் இருந்து கூப்பிட்டுக் கேட்டார்.

"என்ன தம்பி, விழுந்துட்டீங்களா?"

"இல்லை நானா. உங்கடை ஆக்கள் இங்கை வந்திட்டினம்."

ஏழாம் நாள் விளிம்பு தடியைத் தாண்டவில்லை. எட்டாம் நாளும். அக்கா வேறு தடி கொண்டுவரவில்லை. தலைவரின் வயல் பத்துப் பன்னிரண்டு நாளில் திரும்பவும் கருகத் தொடங்கியது, இந்த முறை ஒரு மூலை இல்லை, நாலு மூலையும். அவர் நல்ல மனிதர், அவரையும் பயம்தான் ஆட்டியது. அவர் வயலுக்கும் வைக்கோல் கட்டிக்கொண்டு போனேன். பாதிதான் காப்பாற்ற முடிந்தது.

அறுவடையில் செல்வமணி அக்காவின் அந்த மூலை மணியில்லாமல் காய்ந்த வெறும் சண்டாக நின்றது. மற்றது விளைந்தது. பிள்ளைகளுக்குப் போதுமா என்று கேட்டேன்.

"இழுத்துப் பறிச்சுக் காணும்," என்றா. பிறகு மூலையைக் காட்டினா. "அதைத் தின்டது அறக்கொட்டியான் இல்லைத் தம்பி. நீர்."

நான் பதில் சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியும்.

இதில் இருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். ஒரு வயலுக்குள் போனால் முதலில் எது தின்னுது என்று தேடாதீர்கள், அதைத் தின்பது எது என்று தேடுங்கள். அது இருக்கிறதென்றால் மெசினைத் திருப்பிக்கொண்டு போங்கள். முழங்கால் நனையாமல் ஒரு முடிவும் எடுக்காதீர்கள். கத்துகிற ஆள் எப்போதும் பிழை என்றில்லை, அந்த ஆளின் வயல் எரிகிறது. ஆனால் பயத்தில் கேட்கப்படுகிற மருந்தைப் பயத்தில் கலக்காதீர்கள்.

இனி என் விசயத்துக்கு வருகிறேன். அந்தப் போகம் முடிந்து ஒரு கூட்டம் வைத்தார்கள். வெளியில் இருந்து பெரியவர்கள் வந்தார்கள். வைக்கோல் கட்டை மேசையில் வைத்து "உள்ளூர்க் கமக்காரர் ஒருவரின் முயற்சி" என்றார்கள். கமக்காரர் ஒருவர். நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். அந்தப் பிள்ளை எழும்பி என் பெயரைச் சொல்ல வெளிக்கிட்டா, அதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது. எழுதி வைத்த கடதாசி எல்லாம் 2008 இடப்பெயர்வோடு போயிற்று. அவா இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது. இப்போது உங்களுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் வைக்கோல் கட்டின் படத்தைக் காட்டி "ஆராய்ச்சியில் கண்ட முறை" என்கிறார்களாம். வேறு நாட்டில் முந்தியே செய்திருக்கிறார்கள் என்று ஒரு தம்பி எனக்குச் சொன்னார். செய்திருக்கட்டும். அவர்கள் வந்து எனக்குச் சொல்லவில்லை. முள்ளியவளையில் ஒரு வரம்பில் எனக்கு அதைச் சொன்னது சிலந்தி.

ஆகவே இந்தக் கதையை நீங்கள் யாருக்குச் சொன்னாலும் "ஒருவர்" என்று சொல்லக் கூடாது. இப்படிச் சொல்ல வேண்டும். இருபதாம் நாள் மருந்தடித்து அந்த வெளியின் சிலந்திகளைக் கொன்றது தவராசா. சிலந்தி உயிரோடு இருந்தது சலீம் நானாவின் வயலில். வைக்கோலைக் கட்டியது தவராசா. என் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. ஒரு இடத்தில் மட்டும் போட்டுவிட்டு மற்றதை விட்டால், எந்த இடத்தை விட்டாலும், நான் வந்து கேட்பேன்.